இரண்டு பக்கமும் திறக்கும் கிணற்றுப் புத்தகம்

மகளே, முதலில் எனக்கு ஒரு வாக்குத் தா. இதை ஒருவருக்கும் காட்டாதே. உன் அப்பாவுக்கும் காட்டாதே. அவர் யாரென்று எனக்கே இன்னும் தெரியாது. உன் அம்மம்மாவுக்குக் காட்டவே கூடாது. அவர் இப்போது அம்மம்மா இல்லை, என் அம்மா மட்டும்தான். சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிறார். நான் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று நம்பித்தான் விளக்கை எரிய விட்டிருக்கிறார். கணிதக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். யாராவது வந்தால் முன்பக்கத்தைத் திருப்பிவிடலாம்.

எனக்குப் பதினாறு வயது. நீ இன்னும் பிறக்கவில்லை. ஆனால் இன்று இந்த ஊரில் நான் உண்மை சொல்லக்கூடிய ஆட்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தபோது கடைசியில் நீ ஒருத்திதான் மிஞ்சினாய். உயிரோடு இருக்கிற எவரிடம் சொன்னாலும் விடிவதற்குள் அது அப்பாவின் காதுக்குப் போய்விடும். உன்னிடம் சொன்னால் போகாது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். அம்மாவுக்கு வந்த இந்த வீடு எனக்கு வரும், என்னிடமிருந்து உனக்கு வரும். அதனால்தான் நீ மகள் என்று முடிவு செய்தேன். மகனாகப் பிறந்திருந்தால் மன்னித்துக்கொள், ஆனாலும் வாசி. உன் கலியாணம் பேசி, வீட்டை உன் பெயருக்கு எழுதும் நாளில் இதை உன் கையில் தரலாம் என்று இருக்கிறேன். உனக்குச் சேர வேண்டிய ஒன்றை நான் பிளேட்டால் வெட்டிவிட்டேன். அதை நீ வேறு யாரிடமிருந்தும் கேள்விப்படக் கூடாது.

உரும்பிராயில் எங்கள் வீட்டின் பின்னால் ஒரு கிணறு இருக்கிறது. பங்குக் கிணறு. அம்மாவின் அப்பா தன் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் வளவைப் பிரித்துச் சீதனமாக எழுதியபோது எல்லைக் கோடு கிணற்றின் நடுவால் போனது. கிழக்குப் பக்கம் பெரியம்மாவுக்கு, மேற்குப் பக்கம் அம்மாவுக்கு. ஒரே நாளில் ஒரே நொத்தாரிசு எழுதிய இரண்டு உறுதிப் பத்திரங்கள். நான் சிறு பிள்ளையாக இருந்தபோது அந்தக் கோடு தாளில் மட்டும்தான் இருந்தது. பெரியம்மா எங்கள் பக்கம் நின்று குளிப்பார், அம்மா அவர்கள் பக்கத்துக் கல்லில் உடுப்புத் தோய்ப்பார். இப்போது கிணற்றுக் கட்டின் மேல் குறுக்கே ஓர் இரும்புக் குழாய் கிடக்கிறது. குழாயின் மேல் ஆள் உயரத்துக்குத் தகரம் நிற்கிறது. இந்தப் பக்கம் ஒரு கப்பி, ஒரு வாளி. அந்தப் பக்கம் ஒரு கப்பி, ஒரு வாளி. மூன்று வருடமாக இப்படித்தான்.

அதற்காக அம்மாவும் பெரியம்மாவும் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைக்காதே. அம்மா எங்கள் கோழியோடு கதைப்பார். பெரியம்மா தன் ஆட்டோடு கதைப்பார்.

"கோழியே, சில பேருக்குக் கடலைக் கொண்டுவந்து விட்டாலும் தாகம் அடங்காது, பார்."

தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து உடனே வரும்: "ஆடே, நீ குழையைத் தின். கண்ட கதையைக் கேட்டுக்கொண்டு நிண்டியெண்டால் பால் வத்திப்போம்."

"கேட்டியே கோழி? எங்கடை கதை கண்ட கதையாம்!"

"ஆடே, நான் ஆரின்ரையும் பேர் சொன்னனானே? தொப்பி அளவெண்டால் போடட்டும்."

போன வருடம் எனக்கு நான்கு நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் பெரியம்மா ஆட்டிடம் சொன்னார்: "ஆடே, வேர்க்கொம்பும் மல்லியும் அவிச்சுக் குடுக்கத் தெரியாத தாய்மாரும் உலகத்திலை இருக்கினம்." அம்மா வாளியை வைத்துவிட்டு உள்ளே வந்து வேர்க்கொம்புச் சுக்கைத் தட்டிப் போட்டு மல்லி அவித்துத் தந்தார். "உது ஆரின்ரையோ சொல்லுக்காக இல்லை," என்று நான் கேட்காமலே சொன்னார். நான் குடித்தேன். காய்ச்சல் விட்டது. அடுத்த நாள் அம்மா கிணற்றடியில் நின்று, "கோழியே, பிள்ளைக்குச் சுகம்," என்றார். அந்த நேரம் அங்கே கோழி இல்லை.

இந்தத் தவணை சித்திர ரீச்சர் எல்லாரையும் கையால் ஒரு புத்தகம் செய்துவரச் சொன்னார். கதையைத் தாளில் எழுதினால் போதாது, புத்தகத்தைக் கையில் எடுத்தவுடனேயே அது என்ன கதை என்று பிடிபட வேண்டும். மற்றப் பிள்ளைகள் மீன் வடிவிலும் வண்ணத்துப்பூச்சி வடிவிலும் தாள் வெட்டினார்கள். எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது, நான் செய்யப்போவது கிணறு. ஆனால் வட்டமாக வெட்டினால் அது கிணறாகாது. எங்கள் கிணற்றில் முக்கியம் வட்டம் இல்லை, இரண்டு பக்கம்.

ஆகவே என் புத்தகத்துக்குப் பின் அட்டையே கிடையாது. இரண்டும் முன் அட்டை. ஒரு பக்கத்தால் திறந்தால் எங்கள் கதை. திருப்பிப் பிடித்து மறுபக்கத்தால் திறந்தால் பெரியம்மா வீட்டுக் கதை. இரண்டும் நடுவில் வந்து முட்டும். எல்லாத் தாளின் நடுவிலும் ஓர் ஓட்டை. முதல் தாளில் பால்மா ரின் மூடியின் அளவு, பிறகு தேத்தண்ணிக் கோப்பையின் அளவு, பிறகு மருந்துப் போத்தல் மூடியின் அளவு. உள்ளே போகப் போகச் சிறுக்கும். அட்டையைத் திறந்தவுடன் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தது போல இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். எழுத்தை ஓட்டையைச் சுற்றி வட்டம் வட்டமாக எழுதினேன். கப்பியைப் போலப் புத்தகத்தைச் சுழற்றிச் சுழற்றித்தான் வாசிக்கலாம். அட்டைக்குச் செம்மண் கரைத்துப் பூசினேன். கோதுமை மாவில் பசை காய்ச்சினேன். பழைய வாளிக் கயிற்றின் முறுக்கை அவிழ்த்து இழை உருவித் தைத்தேன். எங்கள் பக்கத்தில் எழுத நிறைய இருந்தது. பெரியம்மா பக்கத்தில் தகரத்துக்கு மேலால் வந்து விழுந்த சொற்கள் மட்டும்தான், ஆட்டோடு கதைத்தவை. இடையில் எல்லாம் வெறும் தாள். மூன்று வருடமாக அந்த வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரியாததை எப்படி எழுதுவது?

நான் கெட்டது தாளில்தான். கிணறு ஆழப் போகப் போக மண் பழசாகும், ஆகவே தாளும் பழசாக வேண்டும் என்று எனக்குப் பட்டது. மேலே புதிய பிறிஸ்ரல் மட்டை, அதற்குள் கொப்பித் தாள், அதற்குள் பழைய கலண்டர். அடியில் வைக்க இன்னும் பழைய தாள் வேண்டும். தேத்தண்ணிச் சாயம் பூசிப் பார்த்தேன்; அது பழசு மாதிரி இருந்தது, பழசாக இல்லை. ஒரு சனிக்கிழமை அம்மா சந்தைக்குப் போன நேரம் றங்குப்பெட்டியைத் திறந்தேன். மேலே பிளாஸ்ரிக் கோவைக்குள் முத்திரை குத்திய வெள்ளைத் தாள்கள் பக்குவமாக இருந்தன. அவைதான் வீட்டின் உறுதி என்று நினைத்தேன். அவை வீட்டுத்திட்டக் கடிதங்கள் என்று இப்போது தெரியும். பெட்டியின் அடியில், சேலைகளுக்குக் கீழே, மஞ்சளாகி மடிப்பெல்லாம் வெடித்து, பூச்சி அரித்த இரண்டு நீளத் தாள்கள். வாசிக்கவே முடியாத சங்கிலி எழுத்து. தடவிப் பார்த்தேன். என் புத்தகத்தின் அடித்தளம் அதுதான் என்று விரல் சொன்னது. கைவிட்ட தாள் என்று நினைத்தேன், மகளே. பெறுமதியான தாளைக் கோவைக்குள் போட்டு மேலே வைப்பார்கள் என்று நினைத்தேன். எங்கள் சனம் பெறுமதியானதைத்தான் எல்லாவற்றுக்கும் அடியில் வைக்கும் என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

ஒரு தாள் எங்கள் பக்கத்து அடிக்கு, ஒரு தாள் பெரியம்மா பக்கத்து அடிக்கு. நடுவை அளந்து, மூடியை வைத்துக் கீறி, அப்பாவின் சவர பிளேட்டால் வெட்டினேன். விழுந்த வட்டத் துண்டை வெளிச்சத்தில் பிடித்து எழுத்துக் கூட்டினேன். "கிணற்றில் சரிபாதிப் பங்கும் வழிவாய்க்காலும்" என்று இருந்தது. பழைய தாளிலும் கிணறு! எவ்வளவு பொருத்தம் என்று துள்ளினேன். சந்தோஷப்பட்டேன் என்பதை உன்னிடம் மறைக்கமாட்டேன்.

நடுவில், இரண்டு கதையும் முட்டும் இடத்தில், பிஸ்கற் ரின்னில் வெட்டிய தகரத்தை வைத்துத் தைத்தேன். அதுதான் வேலி. ஓட்டை அதோடு அடைபட்டுவிட்டது. அப்படியே விடத்தான் இருந்தேன். ஒரு பின்னேரம் தண்ணீர் அள்ளும்போது குழாய்க்குக் கீழே குனிந்து பார்த்தேன். எங்கள் வாளியும் பெரியம்மாவின் வாளியும் தண்ணீரில் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு மிதந்தன. தகரம் குழாய்க்கு மேலே மட்டும்தான். கீழே ஒன்றுமில்லை. என் புத்தகம் பொய் சொல்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. தையலை அவிழ்த்து, தகரத்தை ஓட்டைக்கு மேலோடு வெட்டிவிட்டேன். புத்தகத்தை முகத்தோடு பிடித்துக் கண்ணாடியில் பார்த்தேன். ஓட்டைக்குள் ஒரு கண் என்னைப் பார்த்தது. என் கண்தான். ஆனால் அது பெரியம்மா பார்த்த பார்வை போல இருந்தது. அன்றைக்கு அவர் பார்த்த பார்வை.

அதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. வெயில் காலம், கிணறு வற்றிக்கொண்டிருந்தது. பெரியப்பா வெங்காயத்துக்கு மோட்டர் போட்டிருந்தார். அப்போது இரண்டு வளவுக்கும் நடுவே வேலியில் ஒரு பொட்டு இருந்தது, ஆள் குனிந்து வரலாம். பெரியம்மா அதற்குள்ளால் தலையை நீட்டினார்.

"பிள்ளை, அப்பாவிட்டைச் சொல்லிவிடு. இண்டைக்கு மட்டும்தான் பின்னேரம் வரைக்கும் மோட்டர் ஓடும். வெங்காயத்துக்குக் கடைசித் தண்ணி. அவர் குளிக்க எங்கடை தொட்டியிலை பிடிச்சு வைச்சிருக்கிறன், வந்து குளிக்கட்டாம். மறந்திடாதை, என்ன?"

"ஓம் பெரியம்மா," என்றேன். படம் கீறிக்கொண்டிருந்தேன். இந்த நிறம் காயட்டும், பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். அப்பா மேசன் வேலையால் வந்தார், தலைமயிரெல்லாம் சீமெந்து இறுகிப்போய். வாளியை விட்டார். சேறுதான் வந்தது. இரண்டாம் தரமும் சேறு. அவர் போய் மோட்டரின் வயரைப் பிடுங்கி எறிந்தார். பெரியப்பா ஓடிவந்தார்.

"என்ரை வயரிலை கை வைக்க நீ ஆரடா?"

"ஒரு வார்த்தை சொன்னியளோ? நாங்கள் மனிசர் இல்லையோ?"

"நான் சொல்லிவிட்டனான்!" என்றார் பெரியம்மா.

"ஆரிட்டை?" என்று அப்பா கேட்டார்.

பெரியம்மா என்னைப் பார்த்தார். நான் நிறம் பூசிய கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றேன். அப்பாவின் கை அன்றைக்கு யாரையாவது அடிக்கத் தயாராக இருந்தது என்று அவருக்கும் தெரியும். அவர், "சொன்னன் எண்டு நினைச்சன் போல," என்றார்.

"பொய்க்காரி," என்றார் அப்பா. அம்மா பக்கத்தில்தான் நின்றார். தன் அக்காவை அப்படிச் சொன்னதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கிழமை பொட்டு அடைபட்டது, கிணற்றுக்குத் தகரம் வந்தது. பெரியம்மா இன்று வரைக்கும் என் பெயரைச் சொல்லவில்லை. ஆட்டிடம்கூடச் சொல்லவில்லை.

வெட்டிய வட்டத் துண்டின் பின்பக்கத்தில் அந்தச் செய்தியை எழுதினேன். "அப்பா, பெரியம்மா சொல்லிவிட்டவ: இண்டைக்கு மட்டும்தான் மோட்டர். தொட்டியிலை தண்ணி இருக்கு, வந்து குளிக்கட்டாம். சொல்லாமல் விட்டது நான்." அதை ஓர் இழையில் கட்டி, புத்தகத்தின் ஓட்டைக்குள் வாளி போலத் தொங்கவிட்டேன். எந்தப் பக்கத்தால் திறந்தாலும் இழுத்து எடுக்கலாம். புத்தகம் முடிந்தது. ரீச்சரிடம் கொடுத்தால் எல்லாரும் பார்ப்பார்கள், கொடுக்காவிட்டால் புள்ளி இல்லை என்று மட்டும்தான் அப்போது கவலைப்பட்டேன்.

புதன்கிழமை சாப்பிடும்போது அப்பா அம்மாவிடம் சொன்னார், "சனிக்கிழமை காலமை எட்டரைக்கு எங்கடை கிணத்து வழக்கு இணக்கசபையிலை. உன்ரை அத்தான் திரும்ப மோட்டர் போடப்போறாராம். எங்களுக்குக் குடிக்க மட்டும்தான் பங்கு எண்டு எழுதிக் குடுத்திருக்கிறார். மூல உறுதியைக் கொண்டு வரட்டாம்."

"அவையின்ரை உறுதியிலையும் அதுதானே எழுதிக் கிடக்கும்?" என்றார் அம்மா.

"அது எங்கை வைச்சது எண்டு தெரியாதாம். தேடுறாராம்! சரிபாதி எண்டு எங்கடையிலை கிடக்கு. கண்ணாலை பாக்கட்டும்."

"அந்தப் பழைய மஞ்சள் உறுதிதானே, பெட்டிக்கு அடியிலை கிடக்கு. கண்ட நேரத்திலை அதை வெளியிலை எடுக்கிறேல்லை. சனிக்கிழமை காலமை தலைமுழுகிப்போட்டு எடுத்துத் தாறன்."

நான் வெட்டிய இரண்டு மஞ்சள் தாளும் அந்த உறுதிதான். வாயில் வைத்த புட்டு விக்கியது. அம்மா, "விக்குதோ? தண்ணியைக் குடி," என்றார். குடித்தேன். அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான்.

வியாழக்கிழமை முழுக்க ஒட்டிப் பார்க்க வழி தேடினேன். வழி இல்லை. தாளைச் சுற்றி மையால் எழுதியிருக்கிறேன், பசை போட்டிருக்கிறேன், தைத்திருக்கிறேன். காணிக் கந்தோரில் நகல் எடுக்கலாமாம்; நான் போய்க் கேட்டால் தருவார்களா, சனிக்கிழமை திறப்பார்களா? இனி எங்கள் பாதியைச் சொல்ல ஒரே ஒரு தாள்தான் இருக்கிறது, அது பெரியம்மாவின் உறுதி. அதை எடுத்து நீட்டக்கூடியவர் பெரியம்மா மட்டும்தான். நாங்கள் பொய்க்காரி என்று சொன்ன பெரியம்மா. அவரிடம் முதலில் நான் உண்மையைச் சொல்ல வேண்டும்.

இன்று பின்னேரம் அம்மா வெள்ளிக்கிழமைப் பூசைக்குக் கோயிலுக்குப் போனார். நான் புத்தகத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி வாளிக்குள் வைத்தேன். தகரத்துக்கு அந்தப் பக்கம் கப்பிச் சத்தம் கேட்டது. என் வாளியைக் குழாய்க்குக் கீழே இறக்கி, கொக்கத்தடியால் அந்தப் பக்கம் தள்ளினேன்.

"வாளியே," என்றேன், "நீ அங்காலை போ. அங்கை ஒரு ஆள் நிக்கிறா. அவவுக்கு மட்டும் காட்டு."

கப்பி நின்றது. "ஆடே," என்றது குரல், "இதென்ன, வாளியும் கதைக்கத் துவங்கியிட்டுது?"

"வாளிக்கு ஒரு செய்தி சொல்லக் கிடக்கு. மூண்டு வருசம் பிந்திப்போச்சு."

காப்புப் போட்ட ஒரு கை குழாய்க்குக் கீழே வந்து வாளியின் விளிம்பைப் பிடித்தது. நான் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். வாளி போய்விட்டது.

கயிறு மட்டும் கையில் இருந்தபோதுதான் நான் என்ன செய்தேன் என்று புரிந்தது. எங்கள் உறுதியை, கிணற்றுப் பங்கு எழுதிய இடத்தில் ஓட்டையோடு, எதிராளி வீட்டுக்கு என் கையாலேயே அனுப்பியிருக்கிறேன். பெரியப்பா அதைத் தூக்கிக்கொண்டு நாளைக்கு இணக்கசபைக்கு வந்து, "பாருங்கோ, தங்கடை உறுதியைத் தாங்களே வெட்டி வைச்சிருக்கினம்," என்றால்? அம்மா வந்து, "வாளி எங்கையடி?" என்று கேட்டார். "கயிறு நழுவி விழுந்திட்டுது," என்றேன். "பரவாயில்லை, காலமை கொப்பர் பாதாளக்கரண்டி போட்டு எடுப்பார்," என்றார். இல்லாத வாளியை அப்பா விடியற்காலையில் துழாவப்போகிறார். இரவுச் சாப்பாட்டு நேரம் அந்த வீட்டில் பெரியப்பாவின் குரல் ஒரு தரம் உரத்துக் கேட்டது. "என்னத்தையடி ஒளிக்கிறாய்?" அவ்வளவுதான். பிறகு கதவு சாத்தும் சத்தம். அவர்களின் விளக்கு இன்னும் எரிகிறது. நான் பத்துத் தரமாவது எழும்பி யன்னலால் பார்த்துவிட்டேன்.

மகளே, அம்மாவாக நான் உனக்கு ஏதாவது புத்தி சொல்ல வேண்டும். யாராவது உன் வாயில் ஒரு செய்தியைத் தந்தால் அது உன் பொருள் இல்லை, உடனே கொண்டுபோய்க் கொடு. தாளை வெட்டுவதற்கு முன் வாசி. வாசிக்க முடியாவிட்டால் யாரிடமாவது கேள். ஒருவர் உனக்காகப் பொய்க்காரி என்று பெயர் வாங்கினால், அவர் பேசாமல் இருக்கிறார் என்பதற்காக நீயும் பேசாமல் இருக்காதே. ஆனால் புத்தகம் செய்ததற்காக மட்டும் என்னால் வருத்தப்பட முடியவில்லை. அது நல்ல புத்தகம். நான் செய்ததிலேயே பொய் இல்லாத பொருள் அது ஒன்றுதான்.

அம்மா பெட்டியைத் திறப்பதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும். ஐந்து மணிக்கு அவர் எழும்பியவுடன் சொல்கிறேன். இல்லை, முகம் கழுவித் தேத்தண்ணி குடிக்கட்டும், பிறகு சொல்கிறேன். பார்த்தாயா? இந்த நிறம் காயட்டும் என்றுதான் அன்றைக்கும் இருந்தேன். இல்லை, விடியும் வரைக்கும் வைத்திருக்கமாட்டேன். இந்தப் பக்கம் முடிந்ததும் போய் எழுப்புகிறேன். அப்பாவையும் எழுப்புகிறேன். அவர் அடித்தால்

தகரம் உரசுகிறது. காற்றில்லை. பொட்டு இருந்த இடத்தில், யாரோ கம்பியை முறுக்கி அவிழ்க்கிறார்கள்.

காலடிச் சத்தம் குசினிப் பக்கம் வருகிறது. சீமெந்தில் வாளி வைக்கும் சத்தம், அதன் கைபிடி சாய்ந்து விழும் சத்தம். எங்கள் வாளி. அதன் சத்தம் எனக்குத் தெரியும்.

பின்கதவைத் தட்டுகிறார்கள். மூன்று வருடமாக எவரும் தட்டாத கதவு. பெரியப்பாவாக இருந்தால்

"ஆடே," என்கிறது வெளியே ஒரு குரல், மெதுவாக, "லைற் எரியுது. ஆரோ முழிச்சுத்தான் இருக்கினம்."

அம்மா எழும்பிவிட்டார். மகளே, நான் போய்